பாபிலோன் நட்சத்திரமும் தங்கச்சிமடத்து மூங்கிலும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் வாசகர் கடிதப் பகுதியில் சென்ற வாரம் கிறிஸ்துமஸைப் பற்றி இரண்டு கடிதங்கள் வந்திருந்தன. ஒன்றை எழுதியவர் கிறிஸ்தவர். நட்சத்திரம், மரம், கேக் எல்லாம் அஞ்ஞானிகளின் வழிபாட்டிலிருந்து வந்தவை, விசுவாசிகள் அவற்றை வீட்டுக்குள் சேர்க்கக் கூடாது என்கிறார். இன்னொருவர் கிறிஸ்தவர் அல்லர். பார்த்தீர்களா, இவர்களுக்கென்று சொந்தமாக ஒரு பண்டிகைகூட இல்லை, எல்லாம் இரவல் என்கிறார். இரண்டு பேரும் சொல்வது ஒரே சேதிதான். ஒருவர் வருத்தப்பட்டுச் சொல்கிறார், மற்றவர் சிரித்துக்கொண்டு சொல்கிறார். படித்துவிட்டு நான் பாட்டுக்குச் சும்மாதான் இருந்தேன். மறுநாள் கடைக்கு ஒரு நட்சத்திரம் திரும்பி வந்தது. அதனால்தான் இந்தக் கடிதம்.

தங்கச்சிமடத்தில் 38 வருடமாக மைக்செட், லைட் செட் கடை வைத்திருக்கிறேன். ஜூலையில் சந்தியாகப்பர் திருவிழாவுக்கு சீரியல் பல்பு கட்டுவேன். ஆடியில் முளைப்பாரிக்குக் குழாய் ஸ்பீக்கர். சந்தனக்கூடு என்றால் பச்சை லைட். கடைக்கு வருமுன், சாமியாராகப் படிக்க ஐந்து வருடம் குருமடத்தில் இருந்தேன். அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதும் திரும்பி வந்துவிட்டேன். படித்த லத்தீனில் பாதி மறந்துவிட்டது. திருச்சபை வரலாறு மட்டும் என்னவோ மறக்கவில்லை.

டிசம்பரில் நட்சத்திரம் கட்டுவேன். மூங்கிலைப் பிளந்து சிம்பு சிம்பாகச் சீவி, ஐந்து சிம்பை ஒன்றன்மேல் ஒன்றாகக் கோத்துக் கட்டினால் ஒரு நட்சத்திரம். அதே அளவில் இன்னொன்று. இரண்டையும் சேர்த்து வைத்து ஐந்து முனையிலும் இறுக்கிக் கட்டிவிட்டு, நடுவில் ஐந்து மூலையிலும் நாலு விரல் நீளக் குச்சியை முட்டுக்கொடுத்தால் வயிறு உப்பிக்கொள்ளும். அதன்மேல் தாள் ஒட்ட வேண்டும். மைதாப் பசையில் ஒரு சிட்டிகை மயில்துத்தம் போடாவிட்டால் கரப்பான் தின்றுவிடும். மழையும் வாடைக்காற்றும் சேர்ந்து அடிக்கிற மாதம் என்பதால் இப்போது தாளுக்குப் பதில் பிளாஸ்டிக். மடக்கி விற்கிற அட்டை நட்சத்திரம் வந்தபிறகு என்னிடம் கேட்டு வருபவர்கள் குறைவு. வருடத்துக்கு 40 கட்டினால் அதிகம். அப்பா காலத்தில் இதைப்போல மூன்று மடங்கு. 1964 டிசம்பர் 22 இரவு புயலில் தனுஷ்கோடி போனபோது, நட்சத்திரத்துக்கென்று வாங்கிவைத்த மூங்கில் எல்லாம் தப்பி வந்தவர்களுக்குக் குடிசை போடப் போய்விட்டது என்பார்.

சரி, திரும்பி வந்த நட்சத்திரத்துக்கு வருகிறேன். நாட்டுப்படகு வைத்திருக்கிற ஒரு தம்பி. வருடா வருடம் வாங்குகிறவர். அரிசிச் சாக்கில் நட்சத்திரத்தைப் போட்டு எடுத்து வந்திருந்தார். முகத்தைப் பார்க்காமல் பேசினார். “அண்ணே, தப்பா எடுத்துக்கிறாதீக. வீட்டுல வேண்டாங்குறாக. இது பாபிலோன் சாமியோட நட்சத்திரமாமுல்ல, போன்ல போட்டிருக்காக.”

போனை வாங்கிப் பார்த்தேன். இஷ்டார் என்ற பாபிலோனியப் பெண் தெய்வத்தின் சின்னம் நட்சத்திரம், ஆகவே கிறிஸ்துமஸ் நட்சத்திரம் அவளுடையது என்று ஒரு குரல் அடித்துப் பேசுகிறது. பின்னணியில் இடிச் சத்தம் வேறு. நான் தம்பியிடம், “நீ கொண்டுவந்ததுக்கு எத்தனை முனை, எண்ணு” என்றேன். எண்ணினார். ஐந்து. அங்கே மண்ணைத் தோண்டி எடுத்த கல்லிலும் முத்திரையிலும் இஷ்டாரின் நட்சத்திரத்துக்குப் பெரும்பாலும் எட்டு முனை. அந்த வீடியோவிலேயே பின்னால் காட்டிய கல் படத்தில் எட்டு முனை தெரிந்தது. சொல்கிறவர் எண்ணிப் பார்க்கவில்லை.

ஐரோப்பாவில் கிறிஸ்துமஸுக்குக் காகித நட்சத்திரம் தொங்கவிடுகிற பழக்கத்தில் பேர்போனது மொரேவிய சபை என்ற புராட்டஸ்டண்ட் சபையாரின் நட்சத்திரம். ஜெர்மனியில் நீஸ்கி என்ற ஊரில் அந்தச் சபை நடத்திய ஆண்பிள்ளைகள் விடுதிப் பள்ளியில் 1830-களில் பிறந்தது. பையன்களுக்கு வடிவக்கணிதம் புரியவேண்டும் என்பதற்காக வாத்தியார் தாளை மடித்து ஒட்டச் சொன்ன பாடம் அது. பின்னாளில் வந்த வழக்கமான வடிவத்துக்கு 26 முனை. அதன் வேரைத் தோண்டினால் பாபிலோன் வராது, கணக்கு நோட்டுதான் வரும். இதைச் சொன்னதும் தம்பி சிரித்தார். ஆனால் நட்சத்திரத்தை எடுத்துக்கொண்டு போகவில்லை.

மரத்துக்கு வருவோம். எங்கள் பக்கத்தில் ஊசியிலை மரம் ஏது? சவுக்குக் கிளைதான். மணல் நிரப்பிய பெயிண்ட் டப்பாவில் நட்டு, பஞ்சைப் பிய்த்துப் போட்டால் பனி. பனியையே பார்த்திராத ஊரில் பஞ்சுக்கு இவ்வளவு மரியாதை. இதை எதிர்ப்பவர்கள் கையில் எப்போதும் எரேமியா 10-ஆம் அதிகாரம் இருக்கும். காட்டில் மரத்தை வெட்டுகிறார்கள், வெள்ளியாலும் பொன்னாலும் அலங்கரிக்கிறார்கள், அசையாதபடி ஆணி அடிக்கிறார்கள் என்று வரும். அடுத்த வசனத்தையும் படிக்கவேண்டும். அது பேசாது, நடக்காது, தூக்கிச் சுமக்க வேண்டும் என்கிறார் தீர்க்கதரிசி. தச்சன் செதுக்கிய சிலையைச் சொல்கிறார். எரேமியா காலத்தில் கிறிஸ்துமஸ் மரம் வைத்தவர் யார்?

மரத்தின் கதை எழுத்தில் கிடைப்பது ரொம்பப் பிந்தித்தான். 1605-இல் ஸ்ட்ராஸ்பர்க் நகரத்தைப் பற்றி ஒருவர் எழுதி வைத்த குறிப்பில், வீட்டுக் கூடத்தில் மரத்தை நிறுத்தி அதில் கலர் தாளில் வெட்டிய ரோஜா, ஆப்பிள், மெல்லிய அப்பம், மிட்டாய் எல்லாம் தொங்கவிடுகிறார்கள் என்று இருக்கிறது. ஆப்பிள் ஏன்? டிசம்பர் 24 அந்தக் காலத்தில் ஆதாம் ஏவாள் நாள். அன்றைக்குப் போட்ட நாடகத்தில் ஏதேன் தோட்டத்து மரம் மேடைக்கு வரும், அதில் ஆப்பிள் தொங்கும். அந்த நாடக மரம்தான் வீட்டுக்குள் வந்தது என்பது ஆராய்ச்சியாளர்கள் பலரின் முடிவு. குளிர்காலத்தில் பச்சைக் கிளையைக் கொண்டுவந்து வாசலில் கட்டும் வழக்கம் அதற்கு வெகுகாலம் முன்பே ரோமில் இருந்தது, அதையும் மறைக்கவில்லை. டிசம்பர் 17-இல் தொடங்கும் சாட்டர்னாலியா என்ற ரோமர் பண்டிகையில் மெழுகுதிரியும் களிமண் பொம்மையும் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்வார்கள், எஜமான் அடிமைக்குப் பரிமாறுவார். பரிசு, விருந்து, விளக்கு ஆகிய மூன்றிலும் அந்த வாசனை இருக்கிறது. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை.

ஆனால் டிசம்பர் 25-ஐப் பற்றி இரண்டாவது கடிதக்காரர் இவ்வளவு நிச்சயமாகப் பேசியிருக்க வேண்டாம். சூரியனின் பிறந்தநாளைத் திருடி இயேசுவுக்குக் கொடுத்துவிட்டார்கள் என்கிறார். ஆதாரத்தைப் பாருங்கள். ரோமில் 354-ஆம் ஆண்டுக்கென்று ஒரு பிரமுகருக்காகத் தயாரித்த பஞ்சாங்கம் ஒன்று உண்டு. அதில் டிசம்பர் 25-க்கு நேரே ‘வெல்லப்படாதவனின் பிறந்தநாள்’ என்று போட்டு, 30 தேரோட்டப் பந்தயம் என்றும் குறித்திருக்கிறது. வெல்லப்படாதவன் என்றால் சூரியன். 274-இல் அவுரேலியன் என்ற பேரரசர் அந்தச் சூரியனுக்கு ரோமில் பெரிய கோயில் கட்டினார். அதே தொகுப்பில் இன்னொரு பட்டியலில், அதே நாளுக்கு நேரே, யூதேயாவின் பெத்லகேமில் கிறிஸ்து பிறந்தார் என்று எழுதியிருக்கிறது. அந்தப் பட்டியலை 336-இல் தொகுத்திருக்க வேண்டும் என்பது அறிஞர்கள் போட்ட கணக்கு. ஆக, அந்தத் தேதியில் சூரியன் பிறந்ததற்கும் கிறிஸ்து பிறந்ததற்கும் கிடைக்கிற மிகப் பழைய சாட்சி ஒரே புத்தகம். யார் யாரிடமிருந்து எடுத்தார்கள் என்று அதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது.

இன்னொரு வழியும் இருக்கிறது. பழைய கிறிஸ்தவர்கள் சிலர் இயேசு கருவானதும் சிலுவையில் இறந்ததும் ஒரே தேதி, மார்ச் 25 என்று கணக்குப் போட்டார்கள். பழைய திருச்சபையின் பெரிய ஆசிரியரான அகுஸ்தினார் இதை எழுதியிருக்கிறார். இயேசு பிறப்பார் என்று வானதூதர் மரியாளுக்குச் சேதி சொன்ன மங்களவார்த்தைத் திருநாளை நாங்கள் இன்றும் மார்ச் 25-இல்தான் கொண்டாடுகிறோம். அதிலிருந்து ஒன்பது மாதம் எண்ணினால் டிசம்பர் 25. கடையில் பில் போடுகிற எனக்கே புரிகிற கணக்கு. ஆர்மீனியத் திருச்சபை ஜனவரி 6-இலேயே நின்றுவிட்டது, அது வேறு கதை.

எனக்குப் பிடித்த இடம் இதற்குப் பிறகுதான். 440 முதல் 461 வரை பாப்பரசராக இருந்தவர் முதலாம் சிங்கராயர். புதுப் புத்தகங்களில் லியோ என்று போடுகிறார்கள், எங்களுக்குச் சிங்கராயர்தான். கிறிஸ்துமஸ் பிரசங்கம் ஒன்றில் அவர் தம் மக்களைக் கண்டிக்கிறார். பூசைக்கு வருகிறவர்கள் ரோமில் இராயப்பர் (பேதுரு) கோயில் படியேறி மேலே போய் நின்று, உள்ளே நுழையாமல் திரும்பி, உதிக்கிற சூரியனுக்குத் தலை வணங்குகிறார்களாம். வெளிச்சத்தைக் கும்பிடவில்லை, வெளிச்சத்தைப் படைத்தவரைத்தான் கும்பிடுகிறோம் என்று சிலர் நினைக்கலாம், இருந்தாலும் அதை விட்டுவிடுங்கள் என்கிறார். குருமடத்தில் இதைப் படித்த அன்று எனக்கு அப்பா நினைவுதான் வந்தது. சின்ன வயதில் அவர் கடலுக்கும் போனவர். கருக்கலில் வள்ளத்தைத் தள்ளிவிட்டதும், கிழக்கே வெளுக்கிற பக்கம் திரும்பி நின்று நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்வார். கோயில் அவருக்கு மேற்கே இருந்தது. சிங்கராயர் எங்கள் கரைக்கு வந்திருந்தால் அப்பாவுக்கும் நாலு திட்டு விழுந்திருக்கும்.

கிரகோரி பாப்பரசர் வேறு மாதிரி. 601-இல் இங்கிலாந்துக்குப் போய்க்கொண்டிருந்த மெலித்து என்ற மடத்துத் தலைவருக்குக் கடிதம் எழுதுகிறார். அந்த மக்களின் கோயில்களை இடிக்காதே. சிலையை மட்டும் எடுத்துவிட்டுத் தீர்த்தம் தெளித்து, பீடம் வை. அவர்கள் மாடு வெட்டிப் பலியிட்டுப் பழகியவர்கள். அந்தச் சந்தோஷத்தைப் பிடுங்காதே. திருநாளன்று கோயிலைச் சுற்றி மரக்கிளையால் பந்தல் போட்டு, மாட்டை அடித்து ஆண்டவர் பேரில் சாப்பிடட்டும். உச்சிக்கு ஏறுகிறவன் படிப்படியாகத்தான் ஏறுவான், தாவிக் குதிக்க மாட்டான். இத்தனையும் அந்தக் கடிதத்தில் இருக்கிறது. இதற்குச் சில வாரம் முன்பு அந்நாட்டு அரசருக்கு எழுதிய கடிதத்தில் கோயில்களைத் தரைமட்டமாக்கு என்றுதான் எழுதியிருந்தார். யோசித்துப் பார்த்து மனத்தை மாற்றிக்கொண்டிருக்கிறார். பாப்பரசரும் மனிதர்தானே. பந்தலும் கறிச்சோறும் என்றால் எங்கள் ஊர்த் திருவிழா கண்ணுக்கு முன்னால் வருகிறதா இல்லையா?

ஆக, இது இப்போது யாரோ கண்டுபிடித்து வெளியே கொண்டுவந்த ரகசியம் கிடையாது. 1500 வருடமாகத் திருச்சபைக்குள்ளேயே நடக்கிற சண்டை. வெட்டு என்று ஒரு கட்சி, விடு என்று ஒரு கட்சி. நம் மாவட்டத்திலும் அந்தச் சண்டைக்குச் சாட்சி இருக்கிறது. ஓரியூரில் 1693 பிப்ரவரி 4-இல் தலை வெட்டப்பட்ட போர்ச்சுகீசியக் குரு அருளானந்தர் காவி உடுத்தி, மரக்கறி மட்டும் சாப்பிட்டு, பண்டாரசாமியாகத் திரிந்தவர். அவருக்கு முன் 1606-இல் மதுரைக்கு வந்த இத்தாலியக் குரு தத்துவபோதகர் ராபர்ட் தெ நொபிலி, கிறிஸ்தவரானவர்கள் சந்தனம், குடுமி, பூணூல் எல்லாம் வைத்துக்கொள்ளலாம் என்றார். 1623-இல் ரோமாபுரி சரி என்றது. 1704-இல் புதுச்சேரியில் பாப்பரசரின் தூதர், இப்படிப்பட்ட ஊர் வழக்கங்கள் பலவற்றுக்குத் தடை உத்தரவு போட்டார். கல்யாணத்தில் தேங்காய் உடைக்காதே, தாலியில் பிள்ளையார் உருவம் போடாதே என்பதும் அதில் வரும். பிள்ளையாரை எடுத்தார்கள், தாலியை எடுக்க முடியவில்லை. என் மனைவி கழுத்தில் இருக்கிற தாலியில் சிலுவை இருக்கிறது. எங்கள் தெருவில் தாலி இல்லாமல் யாராவது கல்யாணம் செய்து வைக்கட்டும் பார்க்கலாம்.

அஞ்ஞானி என்று சொல்கிறோமே, ஐரோப்பாவில் அதற்கு ‘பேகன்’ என்று பெயர். லத்தீன் ‘பாகானுஸ்’. பட்டிக்காட்டான் என்பது பழைய பொருள். அந்தக் கணக்கில் கடைக்கு எதிரே உட்கார்ந்து வலை பொத்துகிற அத்தனை பேரும், மைக்செட்காரனும் சேர்த்து, பேகன்தான்.

ஈஸ்டரைப் பற்றி முதல் கடிதக்காரர் இரண்டு வரியில் எழுதியிருந்தார். ஈஸ்டர் என்றால் இஷ்டார் என்று. காதில் ஒன்றுபோல விழுகிறது, அவ்வளவுதான். 19-ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஒருவர் இந்த மாதிரி ஒலி ஒற்றுமைகளை அடுக்கி எழுதினார், அது இன்னும் ஓடுகிறது. ‘ஈஸ்டர்’ என்பது இங்கிலீஷ்காரர் பேச்சு. 725-இல் பீடு என்ற துறவி, தம் முன்னோர் ஏப்ரலை ஒட்டிய மாதத்தை ஈஸ்திரே என்ற பெண் தெய்வத்தின் பெயரால் அழைத்தார்கள் என்று எழுதினார். அவர் ஒருவர்தான் அந்தத் தெய்வத்தைப் பற்றிச் சொல்கிற பழைய சாட்சி. கிரேக்கத்திலும் லத்தீனிலும் அது பாஸ்காதான், நாங்கள் சொல்வதும் பாஸ்காதான். யூதர்களின் பெசாக் பண்டிகையிலிருந்து வந்த சொல். பாபிலோன் வழியாக வரவில்லை, எகிப்திலிருந்து வெளியேறிய கதை வழியாக வந்தது. முட்டைக்கும் பெரிய மர்மம் வேண்டாம். அந்தக் காலத்தில் ஐரோப்பாவில் தவக்காலத்தில் முட்டை சாப்பிடக் கூடாது. கோழிக்குத் தவக்காலம் தெரியாது, அது பாட்டுக்கு இட்டுக்கொண்டிருக்கும். நாற்பது நாள் முட்டை சேர்ந்தால் உயிர்ப்பு ஞாயிறன்று சாயம் பூசிக் கொண்டாடாமல் என்ன செய்வார்கள்? இங்கிலாந்து அரசர் முதலாம் எட்வர்டின் அரண்மனைச் செலவுக் கணக்கில், 1290-இல் ஈஸ்டருக்கென்று 450 முட்டை வாங்கியது எழுதியிருக்கிறது.

எதையும் வேண்டாம் என்று ஒதுக்கியவர்களும் இருந்தார்கள், அவர்களை நான் கேலி செய்யவில்லை. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில் 1659-இல் கிறிஸ்துமஸ் கொண்டாடினால் ஐந்து ஷில்லிங் அபராதம் என்று சட்டமே போட்டார்கள். 1681-இல் எடுத்துவிட்டார்கள். ஸ்காட்லாந்தில் 1958 வரை கிறிஸ்துமஸ் பொது விடுமுறை கிடையாது. மனச்சாட்சிக்கு ஒப்பவில்லை என்று ஒருவர் நட்சத்திரம் கட்டாமல் இருந்தால் அது அவர் பாடு. பொய்யான காரணத்தைச் சொல்லி அடுத்த வீட்டு நட்சத்திரத்தை இறக்கச் சொல்வதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. எங்கள் பகுதியில் ஒரு ஜெபக் கூட்டத்தார் வீடு வீடாக நோட்டீஸ் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு வரவேண்டிய ஆர்டரில் 11 போய்விட்டது. இதைச் சொன்னால் வியாபாரத்துக்காக எழுதுகிறான் என்பார்கள். ஆமாம், அதற்காகவும்தான்.

குருத்தோலை ஞாயிறு யாரும் குறை சொல்லாத திருநாள். 380-களில் எகேரியா என்ற பெண்மணி எருசலேமுக்கு யாத்திரை போய், சிறு பிள்ளைகள் வரை பேரீச்சை ஓலையும் ஒலிவக் கிளையும் பிடித்துக்கொண்டு மலையிலிருந்து இறங்கி வந்ததைப் பார்த்து எழுதியிருக்கிறார். எங்களுக்குப் பேரீச்சை இல்லை, பனங்குருத்துதான். அம்மா அதை வாங்கியதும் ஈர்க்கை உரித்து எறிந்துவிட்டு, இரண்டு இதழைக் குறுக்கே வைத்து, மடக்கி, ஒன்றின் உள்ளே ஒன்றைச் செருகி இழுப்பார். ஊசி நூல் இல்லாமல் சிலுவை வந்துவிடும். மந்திரித்த குருத்தை நிலைக்கதவின் மேல் ஒன்று, அப்பாவின் படகில் ஒன்று செருகி வைப்பார். இடியும் காற்றும் அண்டாது என்பது நம்பிக்கை. அது எந்த வேதத்திலும் எழுதியில்லை. அதே கையால், புதுப் படகு இறக்குகிற அன்று எலுமிச்சம்பழத்தை அறுத்துக் குங்குமம் தடவி, படகின் முன்பக்கமான அணியத்தில் நசுக்குவதும் அம்மாதான். பங்குச் சாமியார் அந்தப் பக்கம் பார்க்காத மாதிரி தீர்த்தம் தெளித்துவிட்டுப் போவார்.

தம்பியிடம் கடைசியாக இதைத்தான் கேட்டேன். “உன் படகுக்கு என்ன பேரு?” அந்தோணியார் என்றார். “அணியத்துல என்ன கட்டியிருக்க?” கொஞ்ச நேரம் பேசவில்லை. “எலுமிச்சையும் மிளகாயும்ணே. அது திருஷ்டிக்கு” என்றார். போனில் பேசிய குரல் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையா என்று கேட்டதற்கு, “அது வேற, இது வேறண்ணே” என்றார். ஒருவேளை அப்படித்தானோ என்னவோ.

இந்தப் பொருளில் இனிமேல் கடிதம் வந்தால், அனுப்பியவர் ஒரு முறையாவது முனையை எண்ணிப் பார்த்தாரா என்று கேட்டுவிட்டுப் போடுங்கள் ஐயா.

அந்த நட்சத்திரம் கடையில்தான் தொங்குகிறது. ஒரு முனையில் பிளாஸ்டிக் கிழிந்திருந்தது, ஒட்டிவிட்டேன். 350 ரூபாயை எடுத்து நீட்டினேன், தம்பி வாங்கவில்லை. “இருக்கட்டும்ணே” என்று சொல்லிவிட்டுச் சாக்கை மட்டும் மடித்து எடுத்துக்கொண்டு போனார். பணம் இருக்கட்டும் என்றாரா, நட்சத்திரம் இருக்கட்டும் என்றாரா தெரியவில்லை. 24-ஆம் தேதி இரவு பூசைக்கு முதல் மணி அடிக்கிறவரை கடையைப் பூட்ட மாட்டேன்.

இப்படிக்கு,
ஒரு மைக்செட்காரர்,
தங்கச்சிமடம், இராமநாதபுரம் மாவட்டம்.

(இதே ஊரில் பிழைக்க வேண்டும், பெயரைப் போட வேண்டாம்.)